சிலிக்கோன் வில்லிஸ் வளையத் தொகுப்பு: ஓராண்டு வகுப்பில் ஓட்டிப் பார்த்த பிறகு

தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு அனாட்டமி நடத்துகிறேன். மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து உண்டாகும் வளையத்துக்கு வில்லிஸ் வளையம் என்று பெயர். போன கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் துறைக்கு அதன் இந்தச் சிலிக்கோன் மாதிரித் தொகுப்பை வாங்கினோம். ஒரு பேட்ச் முழுக்க இதில் படித்துத் தேர்வும் எழுதிவிட்டது. சிலிக்கோனில் கறை படிந்து, கிளாம்ப் தளர்ந்து, ஒரு முனை ஒழுகி, எல்லாம் பார்த்துவிட்டேன். இப்போது எழுதினால் வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூளைக்குப் போகும் தமனிகளைப் பாடமாக எடுக்கிற எவரும் இதை வாங்கலாம். நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். குறைத்த ஒன்றுக்குக் காரணம் பின்னால் வருகிறது.

பெட்டியில் இருப்பது இவ்வளவுதான். மண்டையோட்டின் அடித்தளத்தை வார்த்தெடுத்த சாம்பல் நிறத் தட்டு. அதில், கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் நான்கு தமனிகளுக்கு நான்கு குழாய் முனைகள்: முன்னால் இரண்டு இன்டர்னல் கரோட்டிட், பின்னால் இரண்டு வெர்டிப்ரல். அவற்றில் மாட்ட, உள்ளே துளையுள்ள தெளிவான சிலிக்கோன் துண்டுகள். வளையத்தின் முன்பாதிக்கு நான்கு, பின்பாதிக்கு ஐந்து. எந்த முன்பாதியையும் எந்தப் பின்பாதியோடும் சேர்க்கலாம். இதுதான் இந்தத் தொகுப்பின் உயிர். கூடவே நான்கு தண்ணீர்க் குப்பிகள், குழாயை நெரிக்க ஆறு கிளாம்ப், ஒரு கையேடு. பம்ப் கிடையாது. குப்பிகளைச் சலைன் ஸ்டாண்டில் தொங்கவிட வேண்டியதுதான். துண்டுகள் நிஜ அளவைப்போல் இரண்டரை மடங்கு. விலை 18,500 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது எல்லாக் கல்லூரியிலும் இருக்கிற அதே பிளாஸ்டிக் மூளை. பிரித்துச் சேர்க்கலாம். அடிப்பக்கத்தில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு வளையம், இடமும் வலமும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல். மாணவர்கள் அதைப் பார்த்து அப்படியே வரைந்து பழகுகிறார்கள். மூளையின் முன்பக்கத்துக்குப் போகும் இரண்டு ஆன்டீரியர் செரிப்ரல், அவற்றை நடுவில் இணைக்கும் சின்ன முன் இணைப்புத் தமனி, கரோட்டிடைப் பின்பக்கத்தோடு இணைக்கப் பக்கத்துக்கு ஒரு பின் இணைப்புத் தமனி, பின்னால் இரண்டு வெர்டிப்ரலும் சேர்ந்து உண்டாகும் பேசிலரிலிருந்து பிரிந்து மூளையின் பின்பக்கத்துக்குப் போகும் இரண்டு போஸ்டீரியர் செரிப்ரல். வைவாவில் கேட்டால் ஒப்பித்துவிடுவார்கள். அப்புறம் டிசெக்‌ஷன் ஹாலில் நிஜ மூளையைக் கையில் கொடுத்தால், ஒரு பக்கத்துப் பின் இணைப்பு நூலாக இருக்கும், மறுபக்கம் குண்டாக இருக்கும். "மேம், எங்க டேபிள் மூளையில தமனி அறுந்துடுச்சு" என்று வந்து நிற்பார்கள். அறுந்திருக்காது. அந்த மனிதருக்குப் பிறந்ததிலிருந்தே அது அப்படித்தான் இருந்திருக்கும், அதோடேயே வாழ்ந்து முடித்திருப்பார்.

பாடப்படத்தில் இருக்கிற முழு வளையம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. ஆல்பர்ஸ், பெர்ரி, பேடிசன் மூவரும் 1959-இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாத 350 மூளைகளைப் பார்த்துச் சுமார் 52 சதவீதம் என்றார்கள். 1963-இல் ரிக்ஸும் ரப்பும் 994 மூளைகளைப் பார்த்தார்கள். அவர்கள் கணக்கில் ஐந்தில் ஒன்றுதான் படத்தில் உள்ளபடி இருந்தது. 1998-இல் நெதர்லாந்தில் ஆரோக்கியமான 150 பேரை எம்.ஆர். ஆஞ்சியோகிராமில், அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனில், பார்த்தபோது கிடைத்தது 42 சதவீதம். இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஒரு குழாயை மெலிந்தது என்று கணக்கில் எடுப்பது என்பதில் ஆளுக்கொரு அளவுகோல். இறந்த உடலில் அளப்பதும், ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்கேனில் அளப்பதும் வேறு வேறு. எந்த எண்ணை எடுத்தாலும் சரி, வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் தலைக்குள் இருப்பது அவர்கள் நோட்டில் வரைந்த வளையம் கிடையாது. அதை வாயால் சொல்லலாம். நான் வருஷக்கணக்காகச் சொல்லித்தான் வந்தேன். இந்தத் தொகுப்பு வந்த பிறகுதான் அது அவர்களுக்குப் புரிகிறது.

முதல் வகுப்பில் நான் செய்வது தாமஸ் வில்லிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் செய்ததைத்தான். அவருடைய மூளை உடற்கூறியல் நூல் 1664-இல் வந்தது. படங்களில் பலவற்றை வரைந்தவர் கிறிஸ்டோஃபர் ரென். பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென். வில்லிஸ் ஒரு பக்கத்துக் கரோட்டிடில் மை கலந்த திரவத்தைச் செலுத்தி, அது மறுபக்கத்துத் தமனிகளுக்கும் ஏறுவதைப் பார்த்தார். அந்த வளையத்தை அவருக்கு முன்பே சிலர் பார்த்திருக்கிறார்கள். எதற்காக இருக்கிறது என்று தெளிவாக யோசித்தவர் அவர். அவர் அறுத்துப் பார்த்த ஒருவரின் கதையை நான் ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்வேன். அந்த ஆளுக்கு வலது கரோட்டிட் தலைக்குள் கல்லாக இறுகி அடைத்துப்போயிருந்தது. ஆனால் அவர் செத்தது மூளைக்கோளாறால் அல்ல. அந்தப் பக்கத்து வெர்டிப்ரல் தமனி மறுபக்கத்தைப்போல் மூன்று மடங்கு பருத்து, குறையை ஈடுகட்டியிருந்தது.

சரி, தொகுப்புக்கு வருகிறேன். முழு வளையத்தை மாட்டி, நான்கு குப்பியையும் ஒரே உயரத்தில் தொங்கவிடுங்கள். வலது கரோட்டிடுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம், வலது வெர்டிப்ரலுக்கு மஞ்சள், இடதுக்கு நிறமில்லாத தண்ணீர். திறந்துவிட்டால் சிவப்பு வலப்பக்கத்திலேயே போகும், நீலம் இடப்பக்கத்திலேயே போகும். இணைப்புக் குழாய்களில் திரவம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். மாணவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம். வளையம் என்றால் ரத்தம் சுற்றிச் சுற்றி ஓடும் என்றுதான் நினைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்கிற வரையில் ஒன்று மற்றதோடு பெரிதாகக் கலப்பதில்லை. இப்போது வலது கரோட்டிடைக் கிளாம்ப் போட்டு நெரித்தால், இரண்டு மூன்று விநாடிக்குள் முன் இணைப்பு வழியாக நீலம் குறுக்கே பாய்கிறது, பின் இணைப்பு வழியாகப் பின்னாலிருந்து மஞ்சள் ஏறுகிறது, சிவப்பு ஓடிக்கொண்டிருந்த வலது மிடில் செரிப்ரல் (மூளையின் பக்கவாட்டுக்குப் போகும் தமனி) முனையிலிருந்து பச்சையாகச் சொட்டுகிறது. அந்தப் பச்சை வருகிற நிமிஷத்தில் வகுப்பில் ஒரு சத்தம் வரும். நான் எதுவுமே விளக்க வேண்டியிருக்காது.

இந்த ஓட்டத்தில் கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் பேசிலர். இரண்டு வெர்டிப்ரலும் சேர்ந்து ஒரே குழாயாகிற இடம். மஞ்சளும் நிறமில்லாததும் ஒன்றாகக் கலந்துவிடும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். கலக்காது. ஒரே குழாயில் பாதி மஞ்சள், பாதி தெளிவு, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு பேசிலர் நெடுக ஓடி, உச்சியில் பிரியும்போது மஞ்சள் ஒரு பக்கத்துப் போஸ்டீரியர் செரிப்ரலுக்கும் தெளிந்த நீர் மறுபக்கத்துக்கும் போய்விடும். மெக்டொனால்டும் பாட்டரும் 1951-இல் முயலின் பேசிலரில் இதே ஓட்டத்தைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு குறிப்பு: வெறும் தண்ணீரை வேகமாக விட்டால் கோடு கலைந்துவிடும். நூறு மில்லிக்கு நாற்பது மில்லி வீதம் கிளிசரின் சேருங்கள். ரத்தத்தின் பிசுபிசுப்புக்கு அது கிட்டத்தட்ட ஒத்துவரும். ஓட்டத்தையும் குறைத்தால் கோடு சுத்தமாக நிற்கும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இனி மாறுபாடுகள். முன்பாதித் துண்டுகளில் ஒன்றில் வலது ஏ1 கிடையாது. அதாவது கரோட்டிடிலிருந்து முன் இணைப்பு வரை போகும் ஆன்டீரியர் செரிப்ரலின் முதல் பகுதி இல்லை. இடது கரோட்டிடே இரண்டு முன்மூளைப் பக்கத்துக்கும் ரத்தம் தர வேண்டும். முழுதாக இல்லாமல் போவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு. மெலிந்திருப்பது சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு. இதை மாட்டிவிட்டு இடது கரோட்டிடை நெரித்துக் காட்டினால், ஒரே அடைப்பில் இரண்டு காலும் ஏன் பலவீனமாகலாம் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடுகிறது. இன்னொரு துண்டில் இரண்டு ஆன்டீரியர் செரிப்ரலும் ஒரே தண்டாக இணைந்து போகிறது. நல்ல வார்ப்பு, ஆனால் ஏ1 இல்லாத துண்டு சொல்லும் விஷயத்தைத் தாண்டி வகுப்பில் இதற்கு அதிகம் வேலை வரவில்லை.

மூன்றாவது மாறுபாடு எனக்கு ரொம்பப் பிடித்தது: ஒரு ஏ1 மெலிந்து, மற்றது பருத்து, முன் இணைப்பின் மூலையில் சின்னக் குமிழ். அனியூரிசம், அதாவது தமனிச் சுவர் வலுவிழந்து உப்பிய இடம். மண்டைக்குள் வெடிக்கிற அனியூரிசங்களில் இந்த முன் இணைப்புப் பகுதிக்குத்தான் முதலிடம். ஏ1 சமமில்லாதவர்களுக்கு அங்கே அது வருவது அதிகம். துண்டில் சிவப்பை விட்டுப் பாருங்கள். பருத்த ஏ1-இலிருந்து வரும் ஓட்டம் நேராகப் போய் அந்த மூலையில் மோதுகிறது, குமிழுக்குள் சாயம் சுழன்று நிற்கிறது, மற்ற இடமெல்லாம் வெளுத்த பிறகும் அங்கே மட்டும் சிவப்பு மிச்சமிருக்கிறது. சிலிக்கோனில் இதை இவ்வளவு நேர்த்தியாக வார்த்தவருக்கு என் வணக்கம்.

பின்பாதியில் தலைமைத் துண்டு ஃபீட்டல் பி.சி.ஏ., அதாவது கருவில் இருந்த நிலையிலேயே நின்றுவிட்ட போஸ்டீரியர் செரிப்ரல் தமனி. கருவில் போஸ்டீரியர் செரிப்ரலுக்கு ரத்தம் கரோட்டிட் பக்கத்திலிருந்துதான் வருகிறது. பேசிலர் வளர்ந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பொறுப்பு பின்பக்கம் மாறிவிடும். சிலருக்கு மாறாது. பின் இணைப்பு குண்டாகவும், பேசிலரிலிருந்து வரும் பி1 (போஸ்டீரியர் செரிப்ரலின் முதல் பகுதி) மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். பத்துப் பேரில் ஒருவருக்காவது ஏதாவது ஒரு பக்கம் இப்படி இருக்கும். அபூர்வம் என்று சொல்ல முடியாது. கருவின் தலைத் தமனிகள் எந்த வரிசையில் உருவாகின்றன என்பதை டார்கஸ் பேட்ஜெட் 1948-இல் கார்னகி நிறுவனத்தின் கருத் தொகுப்பை வைத்து வரைந்து காட்டினார். அவர் டாக்டர் அல்ல, மருத்துவ ஓவியராக வேலைக்கு வந்தவர். அந்தப் படங்களை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறோம். ஓவியத்தில் ஆர்வமுள்ள மாணவிகளிடம் அவரைப் பற்றிச் சொல்லாமல் நான் இந்தத் துண்டை எடுப்பதில்லை.

இந்தத் துண்டை மாட்டியிருந்த ஒரு நாள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "மேம், அப்ப கழுத்துல கரோட்டிட்ல இருக்கிற ரத்தக்கட்டி உடைஞ்சு போனா, பார்வை போகுமா?" என்று கேட்டாள். அதே கேள்விதான் பின்னால் நரம்பியல் வார்டில் வரப்போகிறது. பின்மூளையில் பக்கவாதம், பார்வையில் பாதி மறைந்துவிட்டது என்றால் முதலில் வெர்டிப்ரல், பேசிலர் பக்கம்தான் சந்தேகம் போகும். ஃபீட்டல் பி.சி.ஏ. உள்ளவருக்கு மூலம் கரோட்டிடாகவும் இருக்கலாம். சிவப்புக் குப்பியில் கருப்பு மிளகைத் தட்டிப் போட்டு ஓட்டினோம். ஒரு துணுக்கு பின் இணைப்பு வழியாகப் போய் போஸ்டீரியர் செரிப்ரல் முனையில் சிக்கி நின்றது. அவள் கேள்விக்கு அதுவே பதில்.

இப்போது வலது ஏ1 இல்லாத முன்பாதியையும், வலது பி1 இல்லாத பின்பாதியையும் சேர்த்து மாட்டுங்கள். நான்கு குப்பியும் ஓடும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. ஆறு முனையிலும் சொட்டும். மனிதர்களும் அப்படித்தான், ஒரு தொந்தரவும் இல்லாமல் இருப்பார்கள். வலது கரோட்டிடை நெரித்தால் வலது மிடில் செரிப்ரலும் போஸ்டீரியர் செரிப்ரலும் அப்படியே நின்றுவிடும். முன்னாலிருந்தும் வழியில்லை, பின்னாலிருந்தும் வழியில்லை. கரோட்டிடில் அடைப்பு நீக்கும் அறுவைசிகிச்சையில் தமனியைக் கொஞ்ச நேரம் கிளாம்ப் போட்டு நிறுத்த வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்குத் தற்காலிகக் குழாய் வைத்து ரத்தத்தை விட வேண்டுமா என்று அறுவை மருத்துவர்கள் யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் சர்ஜரி துறையிலிருந்து ஒரு பேராசிரியர் இதைப் பார்த்துவிட்டு, தன் பி.ஜி. மாணவர்களையும் கூட்டிக்கொண்டு திரும்ப வந்தார்.

வெர்டிப்ரல் துண்டைப் பற்றிச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. இரண்டு வெர்டிப்ரலும் சம அளவில் இருப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் இடது பெரிது. சிலருக்கு மெலிந்த பக்கம் பேசிலருக்கே போய்ச் சேராது, சிறுமூளைக்குக் கிளை கொடுத்துவிட்டு முடிந்துவிடும். இந்தத் துண்டில் வலது அப்படி. போன வருஷம் சித்தப்பா தலைசுற்றல் என்று ஸ்கேன் எடுத்திருந்தார். ரிப்போர்ட்டில் வலது வெர்டிப்ரல் ஹைப்போபிளாஸ்டிக், அதாவது பிறவியிலேயே மெலிந்தது, என்று ஒரு வரி. அதைப் பக்கத்து வீட்டில் யாரோ "குழாய் சுருங்கிப்போச்சு" என்று விளக்கிவிட்டார்கள். மனுஷன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறாமல் உட்கார்ந்துவிட்டார். லீவு நாளில் துறைக்கு அழைத்துவந்து துண்டை மாட்டிக் காட்டினேன். "சித்தப்பா, இங்க பாருங்க. இது சுருங்கல. பொறந்தப்பவே ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. பெருசு மொத்த வேலையும் பார்த்துக்குது." இடது குப்பி மட்டும் ஓடி, பேசிலர் நிரம்பி, பின்னால் இரண்டு முனையிலும் சொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இந்தப் பக்கம் அடைச்சா என்னம்மா ஆகும்?" என்று பெரிய குழாயைக் காட்டிக் கேட்டார். அவருக்கு பி.பி.யும் சர்க்கரையும் இருக்கிறது, அதனால் அந்தக் கேள்வியைத் தட்டிவிடாமல் பதில் சொன்னேன். மெலிந்த தமனி நோயில்லை. ஆனால் மற்றது அடைத்தால் தாங்குவதற்கு இருப்பு குறைவு. அதனால் மாத்திரையை விடக்கூடாது. தலைசுற்றலுக்குக் காரணம் காதிலிருந்து வந்தது என்று அவருடைய டாக்டர் பிறகு சொன்னார்.

இந்த மாதிரி ரிப்போர்ட்டோடு பயந்து திரிகிறவர்கள் நம் ஊரில் நிறைய. தலைவலி, கழுத்துவலி என்று ஸ்கேன் எடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், படிக்கிற ரேடியாலஜிஸ்ட் கண்ணில் பட்டதை எழுதத்தான் செய்வார். அந்த வரிக்கு அர்த்தம் சொல்ல ஐந்து நிமிஷம் யாருக்கும் கிடைப்பதில்லை. நரம்பியல் ஓ.பி.யில் மேஜைமேல் வைக்க ஃபீட்டல் பி.சி.ஏ., மெலிந்த வெர்டிப்ரல் இரண்டு துண்டுகளை மட்டும் தனியாக விற்றால் பலருக்குத் தூக்கம் வரும் என்று விற்பனையாளருக்கு எழுதியிருக்கிறேன்.

ஐந்தாவது பின்பாதி, கரோட்டிடையும் பேசிலரையும் நேராக இணைக்கிற நிலைத்த ட்ரைஜெமினல் தமனி. கருவில் சில நாட்களே இருந்து மறைய வேண்டிய குழாய் மறையாமல் நின்றுவிடுவது. ஆயிரத்தில் ஒருவர் முதல் ஆறு பேர் வரை. ரிச்சர்ட் குவெய்ன் 1844-இல் இதைப் பதிவு செய்தார். பிட்யூட்டரிச் சுரப்பியை மூக்கு வழியாக அணுகும் அறுவைசிகிச்சையில் இதன் ஒரு வகை நேராகப் பாதையில் வந்து நிற்கும் என்பதால் அறிந்திருக்க வேண்டிய மாறுபாடு. ஆனால் துண்டு மற்றவை அளவுக்கு நன்றாக இல்லை. கரோட்டிட் பக்கம் மாட்டுகிற பக்க முனை தொளதொளவென்று இருக்கிறது, ஒழுகிக்கொண்டே இருக்கும். டெஃப்லான் டேப் சுற்றிச் சமாளித்தோம்.

ரேடியோகிராஃபி டிப்ளமோ பிள்ளைகளுக்கும் இதில் வகுப்பு எடுத்தேன். எகாஸ் மோனிஸ் 1927-இல் லிஸ்பனில் உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகளை எக்ஸ்ரேயில் முதன்முதலாகக் காட்டியதிலிருந்து தொடங்கினால் அவர்களுக்கு ஆர்வம் வருகிறது. சாயம் செலுத்தாமல் எடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோகிராமில் தெரிவது ஓட்டம்தான், குழாயின் சுவர் அல்ல. மெதுவாக ஓடுகிற மெல்லிய பின் இணைப்பு படத்தில் தெரியாமல் போகலாம். முழு வளையத்தை மாட்டி, நிறம் புகாத அந்த இணைப்புக் குழாயைக் காட்டி, "படத்துல இது வருமா?" என்று கேட்பேன். குழாய் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஆனால் ஓட்டம் இல்லை. இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

குறைத்த நட்சத்திரத்துக்கு வருகிறேன். மெல்லிய துளைத்தமனிகள் இந்தத் தொகுப்பில் சுத்தமாக இல்லை. வளையத்திலிருந்து மேலே மூளையின் ஆழத்துக்குப் போகும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கிளைகள் அவை. பக்கவாதத்தில் மாறுபாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இருப்பதிலேயே பலமான சாட்சி அங்கேதான் இருக்கிறது. பெர்ஷரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1973-இல் விவரித்த தமனியை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக, மூளையின் ஆழத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு தலாமஸின் நடுப்பகுதிக்கும் இரண்டு பக்கத்திலிருந்து தனித்தனிக் கிளைகள் போகும். சிலருக்கு ஒரு பக்கத்து பி1-இலிருந்து ஒரே தண்டு கிளம்பி இரண்டுக்கும் போகும். அது அடைத்தால் கை கால் விழாமல், ஆள் தூக்கத்திலேயே கிடப்பார், கண் மேலும் கீழும் அசையாது, ஞாபகம் கெடும். சாதாரண சி.டி.யில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம், ஆஞ்சியோகிராமிலும் அந்தக் குழாய் பெரும்பாலும் படாது. மயக்கம், மருந்து விஷம், சர்க்கரை இறக்கம் என்று தேடிக்கொண்டே நேரம் போய்விடும். ஒரு இளம் டாக்டர் மனதில் இந்தத் தமனி ஒரு தரமாவது பதிந்திருக்க வேண்டும். துளையோடு வார்க்க முடியாது என்பது புரிகிறது. திடமான சிவப்பு நூலாகவாவது பி1 மேல் ஒட்டியிருக்கலாம். ஆன்டீரியர் செரிப்ரலிலிருந்து ஆழத்துக்குப் போகும் ஹியூப்னர் தமனிக்கும் அதே. நான் இப்போது எம்ப்ராய்டரி நூலைச் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக் காட்டுகிறேன்.

கையேடு அடுத்த குறை. வழவழ தாளில் அழகான படங்கள். ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் ஒரே ஒரு சதவீதம், எந்த ஆய்வு, எப்படி எண்ணினார்கள் என்று எதுவும் கிடையாது. முழு வளையம் 50 சதவீதம் என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மேலே நான் எழுதிய மூன்று ஆய்வையும் வெள்ளைத்தாளில் அச்செடுத்துக் கையேட்டுக்குள் செருகி வைத்திருக்கிறேன். எந்த மாறுபாடு எந்த ஆபத்தோடு சேர்ந்தது, எது சும்மா இருப்பது என்ற வித்தியாசமும் அதில் இல்லை. மாணவர்களுக்கு அதுதான் வேண்டும்.

பராமரிப்பு பற்றிச் சில வார்த்தை. மெத்திலீன் ப்ளூ பக்கமே போகாதீர்கள். சிலிக்கோனில் ஏறினால் இறங்காது. எங்களுடைய ஒரு முன்பாதி இன்னும் வெளிர்நீலமாகத்தான் இருக்கிறது. கேசரிப் பவுடர் வகையான உணவு நிறங்கள் போதும், அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவினால் போய்விடும். கிளிசரின் மிச்சம் இருந்தால் எறும்பு வரும். கழுவியபின் குப்புற வைத்து, உள்ளே காற்று ஓட உலர்த்துங்கள். எங்கள் லேப் அண்ணன் துண்டுகளைத் துணி க்ளிப்பில் கோத்துத் தொங்கவிடுகிறார், நன்றாகக் காய்கிறது. ஃபார்மலின் வாசம் இல்லாமல் வகுப்பறையிலேயே எடுக்க முடிவது தனி நிம்மதி. வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் வைத்த துண்டு சில மாதத்தில் மஞ்சளடித்தது, அலமாரிக்குள் இருந்தவை அப்படியே இருக்கின்றன.

விற்பனையாளர் நல்ல மாதிரி. ஒழுகிய பேசிலர் முனையை வீடியோ எடுத்து அனுப்பினேன், வேறு துண்டு வந்தது, கூரியர் காசு கேட்கவில்லை. கிளாம்ப்தான் சீக்கிரம் தளர்கிறது. ஆர்டர் போடும்போதே நான்கு கிளாம்ப் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். தனியாகப் பிறகு வாங்கினால் கூரியர் செலவு கிளாம்ப் விலையைத் தாண்டிவிடும். அடுத்த பதிப்பில் மார்புப் பகுதியில் இருக்கும் பெருந்தமனி வளைவையும் சேர்க்கப்போகிறார்களாம். இடது வெர்டிப்ரல் நேராக வளைவிலிருந்தே கிளம்பும் மாறுபாடு நூற்றில் ஐந்து பேர் வரை இருக்கிறது, அது வந்தால் அந்தத் துண்டுக்கு நான் முதலில் பணம் கட்டுவேன்.